இரண்டாம் நாள் பாடம்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதுவும் மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் முனகுகிறது. உன் வீட்டுக்காரிக்கு வாந்தி நின்றதா? தலைப்பிள்ளை. அவளைத் தண்ணீர் வாளி தூக்க விடாதே.

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். நான் என்ன சொன்னேன் என்று பிறகு கேட்டால் முழிக்கிறாய். அதனால்தான் கடிதம். பாதியில் வைத்தாலும் காகிதம் அங்கேயே கிடக்கும்.

உன் ஒயர்மேன் லைசென்ஸ் மே மாதத்தோடு முடிகிறது. முன்பு போல விண்ணப்பத்தை நீட்டினால் முத்திரை குத்தித் தரமாட்டார்கள். மின் விதிகள் நிறைய மாறிவிட்டன. மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து, மாறியது என்னவென்று தெரிந்துகொண்டு, சான்றிதழ் வாங்கினால்தான் புதுப்பிப்பார்கள். வகுப்பு எங்கள் பயிற்சி நிலையத்தில். நடத்துவது நான். சிரிக்காதே.

வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் போல வருஷக்கணக்காகக் கம்பி இழுத்தவர்கள். சின்ன பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். 'இந்தம்மா எந்தக் கம்பத்தில் ஏறினாங்க' என்று முதல் நாள் எல்லார் முகத்திலும் எழுதியிருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நீ முன்வரிசையில் உட்கார வேண்டும். தூங்கினால் சாக்பீஸ் வரும்.

ஏப்ரல் வகுப்பில் உன் பெயரைச் சேர்த்துவிட்டேன். இங்கேயே தங்கலாம். வருகிறாய் என்று மட்டும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும், உள்ளே இருக்கும் மூன்றாவது ஆளும் சௌக்கியம். வாந்தி நின்றுவிட்டது. இப்போது கோபம் வருகிறது. என்மேல்தான்.

வகுப்புக்கு வருகிறேன். வேறு வழியில்லை. இங்கே பள்ளிக்கூடக் கட்டட வேலை முழுவதும் என் கையில் இருக்கிறது. லைசென்ஸ் ஒரு நாள் இல்லையென்றாலும் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். ஆனால் ஒன்று கேட்கிறேன், கரண்ட் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரிதானே ஓடுகிறது? அதற்கு எதற்குப் புதுப்புதுச் சட்டம்? இதை வகுப்பில் கேட்க மாட்டேன், பயப்படாதே.

எங்கள் தெருக்கோடியில் தனியாக ஒரு நர்ஸம்மா குடிவந்திருக்கிறாள். சின்ன வயசுதான், ஆனாலும் தெருவே அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தினமும் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, இவளுக்குப் பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறாள். சொந்த அண்ணி மாதிரி அதட்டுகிறாள். "உப்பைக் குறைங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று கேட்டால் இவள் வாயைத் திறப்பதில்லை. நான் சொன்னால் மட்டும் சண்டை. அவள் இருக்கிற தைரியத்தில்தான் மூன்று நாள் இவளை விட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. இவளுக்கும் ஒன்றுமில்லை.

முதல் நாள் வகுப்பு முடிந்து உன் வீட்டில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்ததே, அதற்கு முன்பே நர்ஸம்மா வண்டி பிடித்து இவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். ரத்தப்போக்கு நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவள் காலில் விழலாம் என்று போனேன். "போய்ப் படுக்கைல இருக்கறவங்களப் பாருங்க" என்று விரட்டிவிட்டாள்.

அக்கா, அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மிச்சம் இரண்டு நாள் வரமுடியாதே, அடுத்த வகுப்பு ஆறு மாதம் கழித்துத்தானே, வேலை போய்விடுமே என்று நான் புலம்பினேன். நீ ஒரே வார்த்தையில் "நீ போடா, வருகைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாய். உனக்கு ஒன்றும் வராதே? வருமென்றால் வேண்டாம். வேறு வேலை தேடிக்கொள்கிறேன்.

உன் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று படித்தபிறகுதான் எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கியது. அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல். நேரில் பார்க்கும்போது நானும் சொல்வேன்.

இத்துடன் உன் சான்றிதழ். மூன்று நாளும் நீ வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாட்டேன் என்று சொல்லும் அக்காவாக இருக்க எனக்குத் தெரியவில்லை. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். இதைப் பற்றி இனி நீ எழுத வேண்டாம்.

ஆனால் சும்மா விடமாட்டேன். நீ தவறவிட்ட இரண்டு நாள் பாடத்தையும் கைப்பட எழுதித் தனிக் கட்டாக அனுப்புகிறேன். இரண்டாம் நாள் பாடம் முக்கியம். குளியலறை, தண்ணீர், எர்த் மூன்றும் அதில்தான் வருகிறது. நாம் காலங்காலமாகச் செய்துவந்த ஒன்றை இனி செய்யவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். என்னவென்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீ கட்டைப் பிரிக்கவே மாட்டாய். பிரித்துப் படித்துவிட்டு, அது என்னவென்று நீயே எனக்கு எழுது.

அவளை மாடிப்படி ஏற விடாதே.

அன்புடன்,
அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். இவள் வயிறு இப்போது கதவைத் தாண்டிய பிறகுதான் இவள் வருகிறாள். இப்படிச் சொன்னதற்கு நேற்று முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை.

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டோம். லைசென்ஸும் வந்துவிட்டது. நீ அனுப்பிய பாடம் பத்திரமாக இருக்கிறது, பார்த்தேன். நிறைய எழுதியிருக்கிறாய், கை வலித்திருக்கும்.

ஒரு நல்ல விஷயம். நர்ஸம்மாவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. கூலி என்ற பேச்சே அவளிடம் எடுக்க முடியாது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாள், சளி பிடிக்கிறது என்று இவள் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹீட்டர் வாங்கிக்கொண்டு போய் அவள் குளியலறையில் மாட்டிக் கொடுத்தேன். சுவரை உடைக்கக் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னதால் கம்பியை வெளியிலேயே கிளிப் அடித்துக் கொண்டுபோனேன். எர்த் எல்லாம் முறுக்கிக் கட்டியாயிற்று. வெந்நீர் வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டே நின்றாள். எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

உன் தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது. மின் பாதுகாப்பு சொல்லித்தரும் இடத்தில் சுவிட்ச் போர்டுக்கு மேலே தண்ணீர் சொட்டுகிறது என்று நிலைய முதல்வரிடம் சொன்னேன். அவர் ஒரு வாளி கொடுத்தனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு ஹீட்டர் மாட்டிக் கொடுத்தது நல்ல காரியம். இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ட்ரிப்பர் சுவிட்சை அந்தக் குளியலறைக்குத் தனியாகப் போட்டாயா? எர்த்தை எங்கே கட்டினாய்? தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தால் இந்தக் கடிதம் கையில் கிடைத்தவுடன் போய் அவிழ்த்துவிட்டு, தரையில் கம்பி இறக்கித் தனி எர்த் கொடு. அதுவரை ஹீட்டரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிடு. இரண்டாம் நாள் பாடம் முழுக்க இதுதான். படித்திருந்தால் நான் கேட்கவேண்டியதே இல்லை. உன் கடிதத்தில் அது என்னவென்று நீ எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

உடனே பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. எடுத்த ஒரு தடவையும் "வேலைல இருக்கேன்க்கா" என்று வைத்துவிட்டாய். உன் குரல் எனக்குத் தெரியாதா?

அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? எதுவானாலும் எழுது.

அக்கா


செப்டம்பர் 3

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் உடம்பளவில் நன்றாக இருக்கிறேன். எனக்கு இந்த மாதம்தான் நாள் குறித்திருக்கிறார்கள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை மன்னிக்கமாட்டார்.

நர்ஸம்மா இறந்துவிட்டார்கள் அண்ணி. ஜூலையில், மழை தொடங்கிய வாரத்தில். காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து குளிக்கப் போனவர்கள் வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டில் ஓடிவந்து சொன்னார்கள். இவர்தான் ஓடிப்போய் மெயினை அணைத்துக் கதவை உடைத்தார்.

அவர் எர்த்தைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருந்தார். எப்போதும் அப்படித்தான் செய்வோம் என்கிறார். அவர் மாட்டும்போது குழாய் முழுக்க இரும்பு, மண்ணுக்குள்ளே போனது. பிறகு முற்றத்தில் ஒழுகுகிறது என்று பிளம்பர் வந்து, மண்ணுக்குள் இருந்த குழாயை மட்டும் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அது இவருக்குத் தெரியாது. ஹீட்டரில் கரண்ட் கசிந்தபோது மண்ணுக்குப் போக வழியில்லாமல், இவர் கட்டிய எர்த் கம்பி வழியாகவே குளியலறைக் குழாய்க்கு வந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். எனக்குப் புரிந்திருக்க வேண்டாம்.

உங்களுடைய ஜூலை மாதக் கடிதம் அவர்களை அடக்கம் செய்த மறுநாள் வந்தது. அதை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

இப்போது கேஸ் நடக்கிறது. சாதாரணக் கவனக்குறைவு என்றால் ஒரு மாதிரி, தெரிந்தே செய்தது என்றால் வேறு மாதிரி என்று வக்கீல் சொல்கிறார். ஏப்ரலில் வகுப்புக்குப் போய் இதே விதியைப் படித்துவிட்டு வந்து, ஜூனில் அதை மீறியிருக்கிறார் என்று எழுதிவிட்டார்கள். சான்றிதழைக் காட்டுகிறார்கள். வகுப்பில் இருந்தீர்களா என்று கேட்டால் "இருந்தேன்" என்கிறார். வக்கீலிடமும் அதையேதான் சொல்கிறார். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் என் பக்கத்தில் இருந்தார் அண்ணி. அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் ஏதாவது செய்யவேண்டும் என்று நான் எழுதவில்லை. எனக்கு யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

பெண் குழந்தை என்று தகவல் வந்தது. இருவரும் நலம் என்று கேட்டு நிம்மதி. நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரியைக் கோபிக்காதே. அவள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அவள் கடிதம் வந்த அதே வாரம் துறையிலிருந்து ஒரு விபத்து அறிக்கை வந்தது. இனி வரும் வகுப்புகளில் இதைப் பாடமாகச் சொல்லவேண்டும் என்று முதல்வர் என் மேசையில் வைத்தார். ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. குளியலறையின் படம் இருந்தது. சுவரில் வெளியே கிளிப் அடித்து நேராகக் கொண்டுபோன கம்பி. நீ அடிக்கும் கிளிப் எனக்குத் தெரியாதா? கீழே, 'சம்பந்தப்பட்டவர் புதிய விதிகளில் பயிற்சி பெற்றவர்' என்று ஒரு வரி.

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். நிலையத்தின் பேர் கெடும், மற்ற சான்றிதழ்களையும் சந்தேகப்படுவார்கள், என் ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தானே என்று நிதானமாகப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. "உங்க தம்பியே வாயத் திறக்கல. நீங்க எதுக்கும்மா?" என்று கேட்டார். நான் கையோடு எழுதிக் கொண்டுபோயிருந்ததை மேசையில் வைத்தேன். இன்னொன்று இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவிட்டேன்.

வேலையிலிருந்து நிறுத்தும்வரை வகுப்பு எடுத்துத்தானே ஆகவேண்டும். அந்தப் படத்தைச் சுவரில் காட்டி, கரண்ட் எப்படி வந்தது என்று விளக்கினேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "இவ்வளவு படிச்சிட்டுப் போயும் அந்த ஆளு ஏம்மா அப்படிச் செஞ்சான்?"

"அவன் படிக்கலைங்க. படிச்சான்னு எழுதிக் கொடுத்தது நான்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. யாரோ புரொஜெக்டரை அணைத்தார்கள்.

நீ எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று தெரியும். இனி மூடிக்கொள்ளத் தேவையில்லை. கேட்டால் நடந்ததைச் சொல்.

அக்கா


டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். இவளும் தேறிவிட்டாள். உன்னைப் பற்றி நீ ஒன்றும் எழுதுவதில்லை.

உன் கடிதம் வந்தபோது எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. செய்தது நான். நீ அனுப்பிய கட்டை நான் பிரிக்கவே இல்லை அக்கா. பார்த்தேன் என்று எழுதினேனே, மேலே சுற்றியிருந்த காகிதத்தைத்தான் பார்த்தேன். நீயாவது தப்பிக்கவேண்டும் என்று இருந்தேன். அதையும் கெடுத்துவிட்டாய்.

'தெரிந்தே' என்ற வார்த்தையைக் கேஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். மிச்சம் நடக்கிறது. இப்போது சிமெண்ட் கடையில் மூட்டை ஏற்றுகிறேன். வீட்டில் பல்பு போனால்கூட இவள்தான் ஸ்டூலில் ஏறி மாட்டுகிறாள். நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

போன வாரம் நர்ஸம்மாவின் அப்பா வந்திருந்தார். வீட்டைக் காலி செய்ய. அவள் சாமான்களை வண்டியில் ஏற்ற ஆள் இல்லாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும், கோர்ட்டில் பார்த்திருக்கிறார். போகலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டு, கடைசியில் போய் ஒரு பெட்டியைத் தூக்கினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பீரோ, கட்டில், யூனிஃபார்ம் மடித்து வைத்திருந்த பை எல்லாவற்றையும் ஏற்றினோம். கயிறு கட்டி முடித்தபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே மொதல்ல உள்ள போனது? எம் பொண்ணுக்கு வலிச்சிருக்குமா தம்பி?"

"இல்லைங்கய்யா. தெரிஞ்சே இருக்காது. ஒரு நொடிதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா, குழாயைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவன் நான். கதவுப் பக்கம் சோப்பு டப்பா, வாளி எல்லாம் எட்டி உதைத்த மாதிரி கிடந்தன. நீ இத்தனை வருஷம் இதைச் சொல்லித்தருகிறவள். கை கரண்ட்டைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். நான் அவரிடம் சொன்னது உண்மைதானா? எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பாப்பா குப்புற விழுகிறாளா? முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? படம் ஒன்று அனுப்பச் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நிலையத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். என்மேலும் கேஸ் போட்டிருக்கிறார்கள், விசாரணைக்குப் போய்வருகிறேன். அலமாரியைக் காலி செய்யப் போனபோது முதல்வர் வாசல்வரை வந்தார். புதிதாக வந்திருக்கும் பையன் நன்றாகச் சொல்லித்தருகிறானாம். வருகைக் கையெழுத்தை இப்போது காலையும் மாலையும் வாங்குகிறார்களாம்.

பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லை. பத்து மணிக்கு மேல் தெரு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. குளிக்கப் போனால் குழாயைத் திறக்கும்முன் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.

மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு.

நீ கேட்டதற்கு வருகிறேன். பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நீ சொன்னதை மாற்றாதே. அவர் மறுபடி வந்து கேட்டாலும் அதையே சொல். அவர் வீட்டில் வேறு யார் கேட்டாலும் அதையே சொல். உன் வீட்டுக்காரி கேட்டாலும் அதையே சொல்.

என்னிடம் மட்டும் கேட்காதே.

அக்கா